எல்பியோவின் வலது கண்

எல்பியோ தெச்சேராவுக்கு நான் முப்பத்தொரு வருஷம் கண்ணடித்திருக்கிறேன். அவன் பெண்டாட்டி சுல்மா பக்கத்து மேசையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரில் யாரும் அதைத் தப்பாகப் பேசியதில்லை. எங்கள் ஊர் பைசாந்துவில் ட்ரூக்கோ சீட்டாட்டம் என்றால் அப்படித்தான். எதிரெதிரே உட்காரும் ஜோடி முகத்தாலேயே சேதி சொல்லிக்கொள்ள வேண்டும். துருப்பில் ரெண்டு வந்தால் புருவத்தைத் தூக்குவோம். அஞ்சு வந்தால் மூக்கைச் சுளிப்போம். குதிரைக்காரன் படம் போட்ட சீட்டு வந்தால் கண்ணடிப்போம். எதிராளி அந்தப் பக்கம் திரும்புகிற அரை நொடிக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும். இதில் என்னையும் எல்பியோவையும் அடித்துக்கொள்ள இந்த ஆற்றங்கரையில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் ஒலிவேரா சகோதரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். வியாழக்கிழமை தவறாமல் எங்களிடம் தோற்றுப் போனவர்கள் அவர்கள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு குளிர்கால வியாழனன்று, இறைச்சி ஆலைத் தொழிலாளர் கிளப்பில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். என் கையில் குதிரைக்காரன். கண்ணடித்தேன். எல்பியோ சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டான். அடுத்த ஆட்டத்தில் ரெண்டு வந்தது. புருவம் நெற்றியைத் தாண்டிப் போகிற அளவுக்குத் தூக்கினேன். அதற்கும் கவிழ்த்தான். தோற்றோம். ஒலிவேரா சகோதரர்களில் மூத்தவன் எழுந்து நின்று கைதட்டினான். எனக்கு வந்ததே கோபம்! தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"யோவ், கண்ணை என்ன வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?"

"நீ கண்ணடிச்சியா?" என்று கேட்டான். கேட்ட விதத்தில் சண்டை இல்லை. பிறகு சொன்னான்: "உன் மூஞ்சியில நடுவுல ஒண்ணுமே இல்ல நிபியா. காது இருக்கு, முடி இருக்கு. நடுவுல புகை மாதிரி இருக்கு."

திட்ட வந்தவள் அவன் கையைப் பிடித்து வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அப்படி அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை அது.

எல்பியோவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரியும். அவன் அப்பா மாடு ஓட்டுகிறவர். இவன் பத்தொன்பது வயதில் இறைச்சி ஆலைக்குள் தரை கழுவ வந்து, இருபத்தேழு வயதில் தரம் பிரிப்பவனாக மேடையில் ஏறிவிட்டான். இரண்டாகப் பிளந்த மாடுகள் கொக்கியில் தொங்கியபடி ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். ஒன்றுக்கு மூன்று நொடி. மேலே படிந்திருக்கும் கொழுப்பைப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து நாலு வரைக்கும் ஒரு எண்ணைச் சொல்லி முத்திரை குத்த வேண்டும். முப்பத்தைந்து வருஷம் இதைத்தான் செய்தான். நான் அதே ஆலையின் அலுவலகத்தில் இருந்தேன். அவன் எழுதும் தாள்கள் என் மேசைக்குத்தான் வரும். ஒருமுறை தலைநகரிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள் இருநூறு மாட்டை மறுபடி பார்த்தார்கள். இரண்டே இரண்டில் எல்பியோவோடு மாறுபட்டார்கள். அந்த இரண்டுக்காக அவன் சாயங்காலம் வரைக்கும் விடாமல் வாதாடினான். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேடைக்கு எதிர்ச் சுவரில் ஐந்து புகைப்படங்கள் மாட்டியிருக்கும். ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்று. பூஜ்யத்தின் படத்தில் எலும்பும் தோலுமாக ஒரு கிழட்டுப் பசு, பொட்டுக் கொழுப்பு கிடையாது. அப்படிப்பட்ட மாடு எங்கள் ஆலைக்கு வந்ததே இல்லை. புதிதாக வந்த மேற்பார்வையாளன் ஒருவன், வராத மாட்டுக்குப் படம் எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு ஒரு காலண்டரை மாட்டினான். பத்து நாளில் மற்ற தரம் பிரிப்பவர்கள் ஒன்று போட வேண்டிய மாட்டுக்குப் பூஜ்யம் போட ஆரம்பித்தார்கள். ரெண்டு ஒன்றாகியது, மூணு ரெண்டாகியது. எல்பியோ காலண்டரைப் பிடுங்கித் தரை கழுவுகிற தண்ணீரில் எறிந்தான். பூஜ்யம் எதுவென்று தெரியாதவனுக்கு நாலு எதுவென்று எப்படிடா தெரியும் என்று அவன் கத்தியது என் அலுவலகம் வரைக்கும் கேட்டது. ஈரம் பிடித்த கோப்புகளுக்கு நடுவிலிருந்து அந்தப் பசுவின் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அப்படிப்பட்டவனுக்குக் கண் போகிறது. உள்ளூர்க் கண் டாக்டர் பார்த்துவிட்டு, வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற வியாதி என்றார். இடது கண்ணின் நடு போய்விட்டது, அது திரும்பி வராது. வலது கண்ணில் வியாதி தொடங்கிவிட்டது, ஆனால் பார்வை இன்னும் இருக்கிறது. ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் முகம் தெரியும். இதைச் சரிசெய்ய மருந்து இல்லை என்றார். தலைநகர் மொன்தெவிதேயோவில் ஒரு மருந்துப் பரிசோதனை தொடங்கியிருக்கிறது, ஆள் சேர்க்கிறார்கள், விருப்பம் இருந்தால் போய்ப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதித் தந்தார்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். சுல்மாவுக்கு அரை மணி நேரத்திலேயே வாந்தி வந்துவிடும். அதனால் துணைக்கு நான் போனேன்.

அங்கே டாக்டர் லரோசா என்று ஒரு பெண். என் மகள் வயதுகூட இருக்காது. எல்பியோவின் வலது கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டினாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதன் நடுவில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். கண்ணின் பின்சுவருக்கு அடியில் படிந்திருக்கும் கசடு அது, அதில் கொலஸ்ட்ராலும் மற்றக் கொழுப்பும் நிறைய இருக்கிறது என்று விளக்கினாள். கொழுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எல்பியோ எழுந்தான். இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி போய் நின்றான். மூன்று நொடி.

"மூணு," என்றான்.

"என்னது ஐயா?"

"மூணாந்தரம். ஓரத்துல கொஞ்சம் நாலு."

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடமும் நாலு படித் தரவரிசை ஒன்று உண்டு, எங்கள் ஆளும் மூன்று என்றுதான் எழுதியிருக்கிறார் என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எல்பியோவுக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பரிசோதனை இதுதான். கொலஸ்ட்ராலைக் குறைக்க ஊரெல்லாம் சாப்பிடுகிற மாத்திரையை மிக அதிக அளவில் கொடுத்தால் இந்தக் கசடும் கரையுமா என்று பார்க்கிறார்கள். வெளிநாட்டில் சில பேருக்குக் கரைந்திருக்கிறதாம். ஆனால் அது சொற்பப் பேர், ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆள் இல்லை. அதனால் நம்பி எல்லாருக்கும் கொடுத்துவிட முடியாது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மை மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே வடிவத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மூன்று வருஷம்.

"அப்ப நீங்களும் சீட்டைப் பாக்காமத்தான் ஆடுறீங்க," என்றான் எல்பியோ.

"ஆமா ஐயா. பாத்துட்டா ஆட்டம் கெட்டுரும்."

சாப்பாட்டை மாற்ற வேண்டாம் என்றும் சொன்னாள். கொழுப்பைக் குறை என்று சொல்லாத டாக்டரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று இவன் பூரித்துப் போனான். இன்னொன்றை மட்டும் இரண்டு முறை சொன்னாள். அவர்கள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவை வேறு ஆட்கள் பூட்டி வைத்திருப்பார்கள். வெளியே எங்கேயும் கொலஸ்ட்ரால் பார்க்கக் கூடாது, பார்க்கும்படி ஆனால் எண்ணைக் கேட்டுக்கொள்ளக் கூடாது. உண்மை மருந்தாக இருந்தால் சில வாரத்திலேயே எண் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். அதைப் பார்த்தால் யார் கையில் எந்தச் சீட்டு என்று தெரிந்துபோகும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், உனக்கு மாவு விழுந்திருந்தால் என்ன செய்வாய் என்று. விழாது என்றான். எனக்குச் சீட்டு எப்பவும் நல்லாத்தான் விழும் என்றான். பிறகு மாத்தே இலை போட்ட கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எதிர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்: "இந்தக் கண்ணு ஒண்ணு நின்னாப் போதும் நிபியா. காலையில எதிர்ல உக்காந்து ரொட்டி திங்கிறவ சுல்மாதானான்னு தெரியணும். அவ்வளவுதான்." கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உன் கோணங்கி மூஞ்சியும் தெரிஞ்சா நல்லது," என்றான்.

இரண்டு வருஷம் ஒழுங்காகப் போனது. சாயங்காலம் ஏழு மணிக்கு மாத்திரை. காலையில் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து, கோடு வளைகிறதா என்று சுல்மாவிடம் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பஸ். கேட்டால் அப்படியே இருக்கிறது என்பான். வியாழக்கிழமைகளில் ஆட வருவான். நான் செய்யும் சைகையில் பாதி அவனுக்குப் போய்ச் சேராது. ஒலிவேரா சகோதரர்களுக்குக் கொண்டாட்டம்.

போன வசந்தத்தில் சுல்மா அவனை முதியோர் நீச்சல் குளத்தில் சேர்க்க முடிவு செய்தாள். குளத்துக்குக் கார்னே வேண்டும். எங்கள் நாட்டில் உடல்நல அட்டை இல்லாமல் ஒன்றும் நடக்காது. வேலைக்குப் போக, விளையாட, நீந்த, எல்லாவற்றுக்கும் அந்தக் கார்னேயைக் காட்ட வேண்டும். வெறும் வயிற்றோடு போவோம். ஊசி குத்துவார்கள், எடை போடுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள், சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். மத்தியானம் அட்டை வந்துவிடும். சின்ன வயதிலிருந்து செய்து செய்து, அதை யாரும் ரத்தப் பரிசோதனை என்றே நினைப்பதில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டு வருவோம். எல்பியோவுக்கும் தோன்றவில்லை. சுல்மாவுக்கும் தோன்றவில்லை. டாக்டர் சொன்னதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு முறை கேட்ட எனக்கும் தோன்றவில்லை. எழுத்துப் பலகையை ஆலைக் காலத்திலிருந்தே அவனுக்கு மனப்பாடம். கடகடவென்று ஒப்பித்துவிட்டான். நர்ஸ் பாராட்டினாளாம்.

மத்தியானம் அட்டையை வாங்க நானும் அவனும் போனோம். அட்டையோடு ஒரு தாளையும் மடித்துக் கொடுத்தார்கள். அவன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சின்ன எழுத்து அவனுக்குத் தெரியாது.

"படி," என்றான்.

படித்தேன். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை. வரிசையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். அடுத்த வரி கொலஸ்ட்ரால். இருநூற்று ஐம்பத்தொன்று.

பரிசோதனையில் சேருவதற்கு முன்பு இருநூற்று ஐம்பத்து நாலு. அது ஊருக்கே தெரியும். கொழுப்பையே தரம் பிரித்தவனுக்கு வேறு எப்படி இருக்கும் என்று அவனே கிளப்பில் பீற்றிக்கொண்ட எண் அது. இரண்டு வருஷத்தில் மூன்றுதான் இறங்கியிருக்கிறது. அப்போதுதான் அந்த டாக்டர் பெண்ணின் முகமும் அவள் சொன்னதும் என் நினைவுக்கு வந்தன. தாளை மடித்துப் பையில் போட்டிருக்க வேண்டும். இது நமக்குத் தெரியக் கூடாதது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"என்ன, நிறுத்திட்ட?"

"கொலஸ்ட்ரால் போட்டிருக்கான்," என்றேன்.

அவன் முகம் என் பக்கம் திரும்பியது. கொஞ்சம் தள்ளி, என் காதைப் பார்ப்பது போல. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

"நூத்தி முப்பத்தாறு," என்றேன்.

கையில் ஒன்றுமே இல்லாமல் ட்ரூக்கோ என்று கத்திப் பந்தயத்தை ஏற்றி எத்தனையோ பேரை ஓட வைத்தவள் நான். என் முகமே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆளை ஏமாற்றுவது எனக்கு எவ்வளவு நேரம்? எல்பியோ தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். சொன்னேன்ல, சீட்டு எனக்கு நல்லா விழும்னு சொன்னேன்ல என்று இரண்டு தடவை சொன்னான். அன்று இரவு அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

அடுத்த இரண்டு மாதம் அவன் பறந்துகொண்டிருந்தான். குளத்தில் குதித்தான். ஞாயிற்றுக்கிழமை விலா எலும்பு சுடும்போது ஓரக் கொழுப்பை முதலில் வெட்டித் தின்றுவிட்டு, இனி என்ன பயம் என்றான். கட்டத் தாளில் கோடு நிமிர்கிறது என்று சுல்மாவிடம் சொன்னான். சுல்மா கிளப்பில் எல்லார் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்து, உன்னால்தான் நல்ல சேதி வந்தது என்றாள். எனக்குக் கூசியது. ஆனால் அவன் ஆட்டத்தில் என் சைகையைக்கூடக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டான். பொய்யால் ஒரு மனுஷன் சந்தோஷமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நஷ்டம் யாருக்கென்று மொன்தெவிதேயோவில் தெரிந்தது. அங்கே எழுத்துப் பலகையை ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுவார்கள், மனப்பாடம் பலிக்காது. எல்பியோ தலையை நிமிர்த்தி, குரலை உயர்த்தி, போன தடவையைவிட இரண்டு வரி கீழே வரைக்கும் படித்தான். சில எழுத்தைத் துணிந்து ஊகத்தில் சொல்லிவிட்டான், அதிலும் பாதி சரியாக விழுந்தது. எழுதிக்கொண்டிருந்த பெண் ரொம்ப நல்ல முன்னேற்றம் என்றாள். நான் மூலை நாற்காலியில் அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வரி இப்போது மாவு மாத்திரையின் கணக்கில் ஏறும். என்னைப் போல நாலு பேர் நாலு ஊரில் நல்ல மனசோடு பொய் சொன்னால் போதும். மருந்து நல்ல மருந்தாகவே இருந்தாலும் மாவைவிட ஒன்றும் பெரிதில்லை என்றுதான் முடிவு வரும். அப்புறம் எல்பியோவுக்குப் பின்னால் வருகிற கண்களுக்கு யார் பதில் சொல்வது? எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

டாக்டர் அறைக்குப் போவதற்கு முன் நடைபாதையில் நிறுத்தினேன்.

"எல்பியோ, அந்த எண்ணு பொய்."

"எந்த எண்ணு?"

"நூத்தி முப்பத்தாறு. நான் சொன்னது. தாள்ல இருநூத்தி அம்பத்தொண்ணுன்னு இருந்துச்சு."

வண்டியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது கடந்து போகும்வரைக்கும் அப்படியே நின்றான்.

"அப்ப மாவு."

"மாவுதான் போலருக்கு."

"ரெண்டு வருஷமா மாவு."

"ஆமா."

என் கையிலிருந்த கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனான். நானும் பின்னால் போனேன். என் பெயரை எடுக்காமல் அவனே சொன்னான், கார்னே எடுத்தேன் டாக்டரம்மா, எண்ணு தெரிஞ்சுபோச்சு என்று. அவள் சட்டென்று கையைத் தூக்கினாள். "எண்ணு என்னன்னு எங்கிட்ட சொல்லிராதீங்க ஐயா." நான்தான் படித்தேன், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று நான் சொன்னேன். எப்படி மாற்றினேன் என்று அவள் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் விதித் தாளில் கார்னே என்ற சொல்லே இல்லை, இந்த நாட்டில் இருந்துகொண்டு அதை எழுத மறந்தது எங்கள் தப்பு என்று குறித்துக்கொண்டாள். நல்ல சேதி கேட்டவர் துணிந்து படிப்பார், அது ஏமாற்று இல்லை, மனுஷ சுபாவம், அதனால்தான் மறைத்து வைக்கிறோம் என்றாள். இன்றைக்கு எடுத்த எழுத்துப் பரிசோதனையைத் தனியாகக் குறித்து வைப்பார்களாம். ஆனால் கண்ணின் படத்தை எங்கோ இருக்கிற ஆட்கள் பெயர் தெரியாமல் தரம் பிரிக்கிறார்கள். படம் துணிச்சலுக்கு மசியாது.

திரையில் படத்தைப் போட்டாள். எல்பியோ எழுந்து போய் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இந்த முறை மூன்று நொடிக்கு மேல் ஆனது.

"மூணுதான். ஓரத்து நாலு கொஞ்சம் உள்ள வந்திருக்கு," என்றான்.

அவள் மறுக்கவில்லை. இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இன்றே விலகினாலும் யாரும் குறை சொல்ல முடியாது, தொடர்ந்தால் உங்கள் படம் எங்களுக்கு வேண்டும், யோசித்துப் போன் செய்யுங்கள் என்று அடுத்த பாட்டிலைக் கையில் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். மாத்தே ஊற்றித் தானே குடித்தான். கிண்ணத்தை என் பக்கம் நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மாத்தே கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய அடி எங்கள் ஊரில் கிடையாது.

இரண்டு வியாழன் போனது, கிளப்புக்கு அவன் வரவில்லை. ஜலதோஷம் என்று ஒலிவேரா சகோதரர்களிடம் சொன்னேன். மறுபடியும் பொய். சுல்மா ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"ஏன்டி, அவருக்குச் சொன்ன பொய் போகட்டும். நான் உன்னக் கட்டிப்பிடிச்சப்பகூடச் சும்மாதானே நின்ன?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் மாத்திரைப் பாட்டிலை மேசை மேல் வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு அதன் எதிரில் உட்காருகிறார், முழுங்கவும் மாட்டேன் என்கிறார், தூக்கிப் போடவும் மாட்டேன் என்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது வியாழன் வந்தான். ஒலிவேரா சகோதரர்கள் இன்னும் வரவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து, முதல் கிண்ணத்தைத் தான் குடித்துவிட்டு இரண்டாவதை என் பக்கம் நீட்டினான். வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

"அந்த டாக்டர் பொண்ணுக்குப் போன் போட்டேன்," என்றான்.

"என்ன சொன்ன?"

"பூஜ்யத்தோட படத்தச் சுவத்துலருந்து கழட்ட வேணாம்னு சொன்னேன்."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"எங்க புரியும்? மாத்திரைய முழுங்கப் போறேன், மிச்ச ஒரு வருஷமும் வருவேன்னு திருப்பிச் சொன்னேன்." சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கினான். "யாராச்சும் பூஜ்யமா நிக்கணும்ல நிபியா. இல்லன்னா மத்தவனுக்குக் கரைஞ்சுதா இல்லையான்னு எத வெச்சுப் பாப்பாங்க?"

வலது கண் என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். அவனே சொன்னான். இப்போதெல்லாம் காலையில் நாற்காலியைச் சுல்மாவின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்கிறானாம். எதிரில் உட்காருவதைவிட அது வசதி, ரொட்டியும் கைக்கு எட்டுகிறது.

ஒலிவேரா சகோதரர்கள் வந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது முறை சீட்டுப் போட்டபோது எனக்குத் துருப்பில் ரெண்டு வந்தது. அவனுக்குத் தெரியாது என்று தெரிந்தும் பழக்க தோஷத்தில் புருவத்தைத் தூக்கினேன்.

"ட்ரூக்கோ!" என்றான் எல்பியோ. மேசை அதிர்ந்தது. சகோதரர்கள் பின்வாங்காமல் ஆடினார்கள், தோற்றார்கள். மூத்தவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான், இளையவன் சீட்டைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ், புருவம் தெரிஞ்சுதா உனக்கு?" என்று குனிந்து கேட்டேன்.

"எங்க தெரியுது? நல்ல சீட்டு வந்தா நீ மூச்சை அடக்குவ. முப்பது வருஷமா அடக்குற. முன்னெல்லாம் மூஞ்சியப் பாத்துட்டிருந்தேன், அதனால காதுல விழல. இப்ப விழுது."

பிறகு கேட்டேன்: "அன்னிக்குப் பெஞ்சுல, அந்தத் தாளைப் படிச்சப்ப?"

"அன்னிக்கும் அடக்கின."

"அப்ப?"

"நல்ல சீட்டுன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அழுவது கேட்டுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எல்பியோ சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டான்.

"இன்னும் சீட்டே போடலியே நிபியா," என்றான். "அதுக்குள்ள ரெண்டு வந்துருச்சா?"